விழுங்குவதைக் கேமராவில் பார்க்கும் பரிசோதனை: மலையிலிருந்து ஒரே நடையில் முடித்துவர

அப்பா பக்கவாதத்திலிருந்து பிழைத்து வீடு திரும்பியபோது, நடப்பாரா மாட்டாரா என்பது ஒன்றுதான் எங்களுக்குக் கவலை. விழுங்குவதைப் பற்றி வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. சோறு கொடுத்தால் இருமுவார். டீயோ தண்ணீரோ கொடுத்தால் இருமல் வராது. அதனால் சோற்றைக் குறைத்து, டீயையும் கஞ்சித் தண்ணியையும் கூட்டினோம். இரண்டு மாதத்துக்குள் இரண்டு தடவை நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. இரண்டாவது தடவை அட்மிட் ஆனபோதுதான் ஒரு டாக்டர், "இவர் எப்படி விழுங்குறாருன்னு கேமரா விட்டுப் பார்த்துடுங்க" என்றார்.

அந்தப் பரிசோதனைக்காகக் கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூருக்கு மூன்று தடவை இறங்கினோம். முதல் தடவை சீட்டில் வேறு பரிசோதனை எழுதியிருந்தது. இரண்டாம் தடவை, பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி கொடுக்கிற ஸ்பீச் தெரபிஸ்ட் லீவு. மூன்றாம் தடவை இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நாங்கள் பயந்த சோறு அவ்வளவு ஆபத்து இல்லை என்று அப்போது தெரிந்தது. இருமலே வராத டீதான் இத்தனை நாளும் சத்தமில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

கை கால் விளங்காத ஒருவரை மலைப்பாதையில் இறக்கி ஏற்றுவது என்ன பாடு என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் ஒரே நடையில் முடித்துவிட வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஊட்டி, குன்னூர், கூடலூர்க்காரர்களுக்கும் இதே வழிதான். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வழியாக இறங்குகிறவர்களுக்கு, பாதையைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

1. முதலில் பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

மெல்லிய கேமராக் குழாய் ஒன்றை மூக்கு வழியாகத் தொண்டைவரை விடுவார்கள். அது உள்ளே இருக்கும்போதே நோயாளிக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து, அவர் விழுங்குவதைத் திரையில் பார்ப்பார்கள். டாக்டர்கள் இதைச் சுருக்கமாக 'ஃபீஸ்' என்பார்கள். முழுப்பெயர் 'ஃபைபர்ஆப்டிக் எண்டோஸ்கோப்பிக் எவால்யுவேஷன் ஆஃப் ஸ்வாலோயிங்'. வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, உங்களை அனுப்புகிற டாக்டரிடம் ரெஃபரல் கடிதத்தில் இந்தப் பெயரை முழுசாக எழுதச் சொல்லுங்கள். நான் போனில் "ஃபீஸ் பண்ணணும்" என்று கேட்டபோது, அந்தப் பக்கம் இருந்தவர் கன்சல்டிங் கட்டணம் எவ்வளவு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"எண்டோஸ்கோப்பி" என்று மட்டும் சொல்வது இதைவிடப் பெரிய பொறி. அந்தச் சொல்லைக் கேட்டதும் எந்த ஆஸ்பத்திரியிலும் வயிற்றுக்கான எண்டோஸ்கோப்பி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் முதல் நடை அப்படித்தான் வீணானது. அப்பாவை முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி போட்டுக் கூட்டிக்கொண்டு போனோம். வயிற்று எண்டோஸ்கோப்பியை இரைப்பை, குடல் டாக்டர் வாய் வழியாகச் செய்வார். அதற்கு வெறும் வயிறு வேண்டும், சில இடங்களில் தூக்க மருந்தும் கொடுப்பார்கள். நமக்கு வேண்டியதில் குழாய் மூக்கு வழியாகப் போகும். காது மூக்கு தொண்டை டாக்டரும் ஸ்பீச் தெரபிஸ்ட்டும் சேர்ந்து செய்வார்கள். மயக்க மருந்து கிடையாது. சாப்பிட்டுக் காட்டுவதுதான் பரிசோதனையே. ஆகவே யாராவது "ஆறு மணி நேரம் வெறும் வயிறு" என்றோ "மயக்கம் கொடுப்போம்" என்றோ சொன்னால், அங்கேயே நிறுத்தி, எந்தப் பரிசோதனை என்று திரும்பக் கேளுங்கள்.

எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் என்ற பொருளைக் கலந்த சாப்பாட்டைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுக்கும் பரிசோதனையும் உண்டு. அதன் பெயர் வீடியோஃப்ளூரோஸ்கோப்பி. வாயிலும் உணவுக்குழாயிலும் நடப்பது அதில் கூடத் தெரியும். கேமராப் பரிசோதனையில் கதிர்வீச்சு இல்லை, படுக்கை ஓரத்திலேயே செய்யலாம், தொண்டையில் தேங்கி நிற்கும் எச்சில்கூட நேரடியாகத் தெரியும். எது வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்யட்டும். பேரியம்தான் வேண்டும் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். சாப்பாடு தொண்டையில் இல்லாமல் நெஞ்சில் நிற்கிற மாதிரி இருந்தால், அதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். அதற்கு வேறு வழியில் பார்க்க வேண்டியிருக்கும்.

2. இறங்குவதற்கு முன் மலையிலேயே முடிக்க வேண்டியவை

பக்கவாதம் மட்டும் என்றில்லை. பார்க்கின்சன், தலை கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வைத்தவர்கள், பல நாள் வென்டிலேட்டரில் இருந்து மீண்டவர்கள், தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் போனவர்கள் என்று பலருக்கும் விழுங்குவதில் கோளாறு வரும். குடிக்கும்போது இருமுவது எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். நாங்கள் கவனிக்காமல் விட்டவை வேறு: சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் கொழகொழவென்று மாறுவது, ஒரு தோசைக்கு முக்கால் மணி நேரம் ஆவது, சொல்லாமல் கொள்ளாமல் எடை இறங்குவது, காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வருவது. இருமல் இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொண்டையில் உணர்ச்சி குறைந்தவருக்கு, மூச்சுக்குழாயில் தண்ணீர் இறங்கினாலும் இருமல் வராது.

வீட்டில் நீங்களாகவே டம்ளர் டம்ளராகத் தண்ணீர் கொடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, சாப்பாடு அடைத்துக்கொண்டாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நிலையில் பரிசோதனைக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

அவசரம் இல்லையென்றால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, குன்னூர் லாலி மருத்துவமனையிலோ, பக்கத்து அரசு மருத்துவமனையிலோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் முதலில் காட்டுங்கள். வெளிநோயாளியாகக் காட்ட அங்கே பணம் வேண்டாம். பரிசோதனை அங்கேயே முடியுமா, கீழே போக வேண்டுமா என்று நேரடியாகக் கேளுங்கள். குரல்நாணைப் பார்க்கிற கேமரா பல இடங்களில் இருக்கும். ஆனால் பக்கத்தில் நின்று சாப்பாடு கொடுத்து மதிப்பிட, விழுங்குதலில் பயிற்சி பெற்ற ஸ்பீச் தெரபிஸ்ட் வேண்டும். கருவி இருப்பதையும் ஆள் இருப்பதையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாள் குறிக்கும்போது நோயாளியின் நிலையையும் பாருங்கள். அவர் விழித்திருக்க வேண்டும், சொல்வதை ஓரளவாவது புரிந்துகொள்ள வேண்டும், சாய்மானத்தோடு அரை மணி நேரம் உட்கார முடிய வேண்டும். காய்ச்சலோடு அரைத் தூக்கத்தில் இருப்பவரைக் கூட்டிப்போனால், பரிசோதித்தாலும் அவருடைய உண்மையான நிலை தெரியாது. சரி, எவ்வளவு நாள் தள்ளலாம் என்றால், நெஞ்சுச் சளி ஏற்கெனவே வந்துவிட்டவருக்குத் தள்ளவே கூடாது. அடுத்த தடவை வரும் வரை காத்திருந்ததுதான் நாங்கள் செய்த தப்பு.

3. போனில் கேட்க வேண்டியவை

ஆஸ்பத்திரியின் பொது நம்பரில் பேசினால் பதில் தெளிவாக வராது. "இ.என்.டி. டிபார்ட்மென்ட்டுக்கு லைன் கொடுங்க" என்று கேளுங்கள், அல்லது ஸ்பீச் தெரபிப் பிரிவைக் கேளுங்கள். கிடைத்ததும் இந்தக் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்:

எந்தெந்தக் கிழமையில் செய்கிறீர்கள்? அன்று டாக்டர், ஸ்பீச் தெரபிஸ்ட் இருவரும் இருப்பார்களா? முதல் நாள் பார்த்துவிட்டு இன்னொரு நாள் வரச் சொல்வீர்களா, அல்லது அன்றே முடியுமா? வீல்சேரில் இருப்பவருக்குச் செய்வீர்களா? மூக்கில் ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குச் சாப்பாடு கொடுக்கும் குழாய்) இருந்தால் அதை எடுக்க வேண்டுமா? மொத்தம் எவ்வளவு? வீடியோப் பதிவு கொடுப்பீர்களா?

"அன்றே முடியுமா" என்பதுதான் மலைக்காரர்களுக்கு உயிர்க்கேள்வி. "நாங்க நீலகிரியிலிருந்து வர்றோம், இரண்டாவது தடவை வர முடியாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதைச் சொன்ன பிறகு எங்களுக்குக் கன்சல்டிங்கையும் பரிசோதனையையும் ஒரே நாளில் போட்டுக் கொடுத்தார்கள். கேட்டிருக்காவிட்டால் கிடைத்திருக்காது. கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் இன்னொரு தடவை போன் பண்ணி, இரண்டு பேரும் வருகிறார்களா என்று உறுதி செய்யுங்கள். எங்கள் இரண்டாம் நடை இந்த ஒரு போன் பண்ணாததால் வீணானது.

ரைல்ஸ் ட்யூப் பற்றி ஒரு வார்த்தை: பொதுவாக ட்யூப் இருக்கும்போதே இந்தப் பரிசோதனையைச் செய்யலாம். ட்யூபை எடுக்கலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் பலர் வருகிறார்கள். "வரும்போது கழற்றிட்டு வாங்க" என்று யாராவது சொன்னால், டாக்டர் வாயால் கேட்காமல் கழற்றாதீர்கள். பரிசோதனையில் விழுங்க முடியாது என்று தெரிந்தால், மறுபடியும் போடுகிற வேதனை நோயாளிக்குத்தான்.

4. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

எல்லாவற்றையும் ஒரே ஃபைலில், தேதி வரிசைப்படி வையுங்கள். ரெஃபரல் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, மூளை ஸ்கேன் ரிப்போர்ட், கடைசியாக எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். மாத்திரைப் பட்டியலில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பவற்றைக் கோடிட்டுக் காட்டுங்கள். குழாய் மூக்கு வழியாகப் போவதால் அவர்களுக்கு மூக்கில் ரத்தம் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், டாக்டருக்கு அது முன்னாலேயே தெரிய வேண்டும். பயந்துபோய் நீங்களாக அந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. மறுபடி பக்கவாதம் வந்துவிடும் அபாயம் அதில் இருக்கிறது. பால், கோதுமை என்று எதுவும் ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் எழுதுங்கள்.

அடையாளத்துக்கு ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை. எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ் மலையிலேயே எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

காகிதத்தோடு இன்னொன்றும் கொண்டுபோங்கள்: ஒரு வாரக் குறிப்பு. என்ன கொடுத்தோம், எவ்வளவு நேரம் ஆனது, இருமினாரா, குரல் மாறியதா, காய்ச்சல் உண்டா என்று நோட்டில் எழுதியதுதான். எங்கள் ஸ்பீச் தெரபிஸ்ட் ஸ்கேன் ரிப்போர்ட்டைவிட அந்த நோட்டைத்தான் அதிக நேரம் படித்தார்.

5. பணம்

எங்களுக்குப் பரிசோதனைக்கு 3,200 ரூபாயும், கன்சல்டிங்குக்குத் தனியாக 500 ரூபாயும் ஆனது. இது ஒரு தனியார் ஆஸ்பத்திரிக் கணக்கு, இடத்துக்கு இடம் மாறும். கோத்தகிரியிலிருந்து போய்வர டாக்ஸிக்கு நடைக்கு 4,000 ரூபாய். மூன்று நடையைக் கூட்டிப் பாருங்கள், பரிசோதனையைவிட வண்டிக்குத்தான் அதிகம் கொடுத்திருக்கிறோம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்கள் கார்டைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை அதில் உண்டு. இன்னும் கார்டு எடுக்காதவர்கள் வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பச்சைத் தேயிலை விற்ற காசுதான் வருமானம் என்றாலும் வி.ஏ.ஓ. விசாரித்துத்தான் சான்றிதழ் வரும், அதற்கு நாளாகும். திட்டத்தின் இலவச எண் 1800 425 3993. உங்கள் நோயாளிக்கு இந்தப் பரிசோதனை திட்டத்தில் வருமா என்று, ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தனியார் பாலிசி இருந்தால் ஒரு விஷயம். வெளிநோயாளிப் பரிசோதனைக்குப் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள். ஆனால் அட்மிட் ஆகி டிஸ்சார்ஜ் ஆன பிறகு, அதே நோய்க்காகக் குறிப்பிட்ட நாட்களுக்குள் எடுக்கும் பரிசோதனைக்குத் தருவதுண்டு. பல பாலிசிகளில் அது 60 நாள். டாக்டர் சீட்டும் ஒரிஜினல் பில்லும் இல்லாமல் எதுவும் நடக்காது. எங்களுக்கு 60 நாள் முடிய நான்கு நாள் இருந்தபோதுதான் இது தெரிந்தது.

6. இறங்கும் நாள்

காலை முதல் நேரத்தைக் கேட்காதீர்கள். பதினொரு மணிவாக்கில் கேளுங்கள். விடியும் முன் கிளம்பினால் நோயாளிக்குத் தூக்கம் கெடும், அறைக்குள் போகும்போது அவர் சொக்கிக்கொண்டிருப்பார். கோத்தகிரிப் பாதையில் குஞ்சப்பனைப் பக்கம் யானை நின்றால் அது போகும் வரை வண்டி நிற்க வேண்டியதுதான், இருட்டில் அது இன்னும் கஷ்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் பாதையில் மண்சரிவு வரும். இரண்டு பாதையிலும் நிலைமை என்ன என்று முந்தின ராத்திரி கேட்டுக்கொண்டு, எதில் இறங்குவது என்று முடிவு பண்ணுங்கள். சனி, ஞாயிறு, கோடை சீசன் வேண்டவே வேண்டாம். சொந்தக்காரர் கீழேயிருந்து காரைக் கொண்டுவந்து அழைத்துப்போவதாக இருந்தால், வெளி மாவட்டப் பதிவெண் வண்டிக்கு, மலைக்குள் வர இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். கல்லாறில் நிறுத்திக் கேட்கும்போது தேட முடியாது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நான் கற்றுக்கொண்டது, கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே கொடுத்து முடித்துவிட வேண்டும் என்பது. சாப்பிட்ட உடனே கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கினால் வாந்தி வரும். நம்மைப் போன்றவருக்கு வாந்தி வெறும் வாந்தி, விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். ரைல்ஸ் ட்யூபில் கொடுப்பவர்களுக்கும் இதே கணக்கு. நிமிர்ந்து உட்காரவைத்துக் கூட்டிப்போங்கள். பின் சீட்டில் படுக்கவைப்பது வசதியாகத் தெரியும், ஆனால் எதுக்களித்து வருவது அப்போதுதான்.

வாந்தி வராமல் இருக்க மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது நம் பக்கத்து வழக்கம். பரிசோதனை நாளில் டாக்டரைக் கேட்காமல் அதைக் கொடுக்காதீர்கள். அந்த மாத்திரைகளில் பல தூக்கத்தைக் கொண்டுவரும், தூக்கக் கலக்கத்தில் விழுங்குவது இன்னும் மோசமாகும்.

அப்புறம் காது அடைப்பு. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் கிட்டத்தட்டச் சமதளம். இறங்கும்போது நமக்குக் காது அடைத்தால் எச்சிலை விழுங்குகிறோம், காது திறந்துகொள்கிறது. சரியாக விழுங்க முடியாதவருக்கு அது திறக்காது. அப்பா காதைப் பிடித்துக்கொண்டு முனகியபோது என் அத்தை பாசத்தில் ஒரு புளிப்பு மிட்டாயை வாயில் போட்டுவிட்டார். நல்லவேளையாக அதை உடனே எடுத்துவிட்டோம். மிட்டாய், எலுமிச்சம்பழம், ஒரு வாய் தண்ணீர் எதுவும் வேண்டாம். வண்டியை நிறுத்தி வாயை அகலத் திறந்து கொட்டாவி விடச் சொல்லுங்கள், தாடையை அசைக்கச் சொல்லுங்கள். டிரைவரிடம் மெதுவாக இறக்கச் சொன்னால் பாதி அடைப்பு வராது.

பையில் எடுத்துவைக்க வேண்டியவை: பல்செட், கண்ணாடி, காது மெஷின், ஒரு மாற்றுச் சட்டை, இரண்டு துண்டு. பல்செட் இல்லாமல் கடிக்கச் சொன்னால் அவருடைய நிஜமான சாப்பாட்டைச் சோதித்த மாதிரி ஆகாது. காலையில் பல்லையும் நாக்கையும் நன்றாகச் சுத்தம் பண்ணிவிடுங்கள். வாயில் அழுக்கு இருந்தால், தவறிப் போகும் ஒரு துளி எச்சிலோடு கிருமியும் நெஞ்சுக்குள் போகும். மேலே மாமூலாக அவர் சாப்பிடும் சாப்பாட்டிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ராகிக் களி, குழைந்த தயிர்சாதம், ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் அவர்களும் வைத்திருப்பார்கள், ஆனால் "வீட்டில் இதைத்தான் சாப்பிடுகிறார், இதையும் பாருங்கள்" என்று நீட்டினால் மறுக்கவில்லை. பரிசோதனைக்கு முன் எவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. அறைக்குள்

பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைப்பார்கள். மூக்கில் சொட்டு மருந்தோ கொஞ்சம் ஜெல்லோ வைப்பார்கள். குழாய் பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபிலைவிடச் சற்றுத் தடிமன், 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கும். நுழையும்போது மூக்கு எரியும், கண்ணில் நீர் வரும். "நல்லா மரத்துப்போக மருந்து போடுங்க" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள், தொண்டை மரத்தால் விழுங்குவதே மாறிவிடும்.

முதலில் எதுவும் கொடுக்காமல், எச்சில் எங்கே தேங்கியிருக்கிறது, குரல்நாண் அசைகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு பச்சை அல்லது நீல உணவு நிறம் கலந்த தண்ணீர், கெட்டியான திரவம், தயிர், பிஸ்கட் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். ஒவ்வொரு விழுங்கலிலும் திரை ஒரு கணம் வெள்ளையாகிவிடும், கேமரா கெட்டுப்போய்விட்டதோ என்று நான் நினைத்தேன். விழுங்கும்போது தொண்டை மூடி கேமராவை அழுத்துவதால் அப்படி. அது திறந்த பிறகு நிறம் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். அப்பாவுக்கு டீ விழுங்கிய பிறகு பச்சைக் கோடு ஒன்று குரல்நாணைத் தாண்டிக் கீழே மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருந்தது. அவர் இருமவில்லை, முகம்கூட மாறவில்லை. என்னைப் பார்த்து இன்னும் கொஞ்சம் கேட்டார்.

எது தவறிப்போகிறது என்று கண்டுபிடித்ததோடு நிறுத்த விடாதீர்கள். தாடையைத் தாழ்த்தி விழுங்கினால் எப்படி, பலவீனமான பக்கம் தலையைத் திருப்பி விழுங்கினால் எப்படி, சின்ன ஸ்பூனில் கொடுத்தால் எப்படி, ஒரு வாய்க்கு இரண்டு தடவை விழுங்கினால் எப்படி என்று கேமரா உள்ளே இருக்கும்போதே சோதிப்பார்கள். இதில்தான் பரிசோதனையின் முழுப் பலனும் இருக்கிறது. வீட்டில் சாப்பாடு ஊட்டுகிற ஆளே உள்ளே நின்று திரையைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மாதான் ஊட்டுவார்; அம்மா உள்ளே நின்றார்.

மூக்கில் லேசாக ரத்தம், தும்மல், சிலருக்குத் தலைசுற்றல் வரலாம். ரத்தம் நிற்காவிட்டாலோ, மூச்சு கஷ்டமானாலோ அங்கேயே சொல்லுங்கள். முடிந்ததும் உடனே மலை ஏறாமல், ஒரு மணி நேரமாவது கீழே இருந்துவிட்டுக் கிளம்புங்கள்.

8. வெளியே வருவதற்கு முன் கையில் வாங்க வேண்டியவை

ரிப்போர்ட்டில் 1 முதல் 8 வரை ஒரு எண் இருக்கும். 1 என்றால் மூச்சுப்பாதைக்குள் எதுவும் போகவில்லை. 8 என்றால் குரல்நாணைத் தாண்டிக் கீழே போயும் உடம்பு அதை வெளியேற்ற முயலவே இல்லை என்று அர்த்தம். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் எண் தனித்தனி. அப்பாவுக்கு டீக்கு 8, தயிருக்கு 1. ஒரே எண்ணைச் சொல்லி முடித்தால் எதற்கு எந்த எண் என்று கேளுங்கள்.

ரிப்போர்ட்டைவிட முக்கியம், தமிழில் எழுதிய ஒரு பக்கச் சாப்பாட்டுக் குறிப்பு. எது கொடுக்கலாம், எந்தக் கெட்டியில், எந்த ஸ்பூனில், எப்படி உட்காரவைத்து, சாப்பிட்ட பிறகு எவ்வளவு நேரம் உட்காரவைக்க வேண்டும், எது கூடவே கூடாது. மாத்திரை எப்படிக் கொடுப்பது என்பதையும் அதில் எழுதி வாங்குங்கள். எல்லா மாத்திரையையும் பொடித்துவிட முடியாது, சிலவற்றைப் பொடித்தால் மருந்து ஒரேயடியாக உடம்பில் ஏறிவிடும். பயிற்சிகள் இருந்தால் செய்து காட்டச் சொல்லி போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பரிசோதனை எப்போது, அதுவரை வீடியோ காலில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்று சொல்லிவிட்டால் மாதத்துக்கு ஒரு நடை மிச்சம். பென்டிரைவ் ஒன்று கொண்டுபோனால் பரிசோதனை வீடியோவையும் போட்டுத் தருவார்கள்.

ட்யூப் நான்கு வாரத்துக்கு மேலும் வேண்டியிருக்கும் போலிருந்தால், வயிற்றில் நேரடியாக வைக்கும் குழாய் பற்றி டாக்டர் பேசலாம். கேட்டதும் இடி விழுந்த மாதிரி இருக்கும். அன்றே பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எதற்கு, எவ்வளவு நாளைக்கு, பிறகு எடுக்க முடியுமா என்ற மூன்று கேள்வியையும் அங்கேயே கேட்டுவிட்டு வாருங்கள்.

9. வீட்டுக்கு வந்த பிறகு: கெட்டியை அளப்பது

"கொஞ்சம் கெட்டியா கொடுங்க" என்றால் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு கெட்டி வரும். அதனால் உலகம் முழுக்க 0 முதல் 7 வரை ஒரே அளவு வைத்திருக்கிறார்கள். பானங்களுக்கு 0 முதல் 4 வரை: சாதாரணத் தண்ணீர் 0, ஸ்பூனில் உருவம் கலையாமல் நிற்பது 4. உங்கள் குறிப்பில் எந்த எண் என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் அளக்க 10 மில்லி சிரிஞ்ச் போதும். 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி நீளம் மாறும். தள்ளியை உருவிவிட்டு, நுனியை விரலால் மூடி, 10 வரை ஊற்றி, விரலை எடுத்து 10 விநாடி எண்ணுங்கள். மறுபடி மூடிவிட்டு மீதியைப் பாருங்கள். 1 முதல் 4 மில்லி வரை மீதி இருந்தால் நிலை 1. 4 முதல் 8 வரை என்றால் நிலை 2. 8-க்கு மேல் மீதி இருந்து, ஆனாலும் கொஞ்சம் வடிந்தால் நிலை 3. ஒரு சொட்டும் வடியாவிட்டால் நிலை 4.

மலையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ராகிக் கஞ்சியோ சோளமாவுக் கஞ்சியோ அடுப்பிலிருந்து இறக்கும்போது ஒரு கெட்டி, நம் ஊர்க் குளிரில் பத்து நிமிஷத்தில் வேறு கெட்டி. வாயில் போனதும் எச்சில் பட்டு அது திரும்ப நீர்த்துவிடும். அதனால் அவர் குடிக்கிற சூட்டில்தான் சிரிஞ்சில் அளக்க வேண்டும், ஆறினதும் மறுபடி அளக்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் கெட்டியாக்கும் பவுடரில் சாந்தன் பசையால் ஆனது எச்சிலுக்கு நீர்க்காது. விலை கூடுதல்தான், கோத்தகிரியில் எல்லாக் கடையிலும் இருக்காது. கீழே இறங்கிய நாளிலேயே இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

பால் டீக்கு அந்தப் பவுடர் தண்ணீரில் கெட்டியாவதைவிட அதிக நேரம் எடுக்கும். அம்மா முதல் நாள் பவுடரைப் போட்டுக் கலக்கிவிட்டு, கெட்டியாகவில்லையே என்று இன்னொரு ஸ்பூன் போட்டார். ஐந்து நிமிஷத்தில் அது களி மாதிரி ஆகி, அப்பா டம்ளரைத் தள்ளிவிட்டார். இப்போது டீயை முதலில் போட்டு, பவுடரைத் தூவி, முப்பது விநாடி விடாமல் கலக்கி, மூடிவைத்துவிடுகிறோம். சாயங்காலம் நாலு மணிக்குக் கலக்கினால், நாலேகாலுக்கு சிரிஞ்சில் அளந்து, நிலை 2 வந்ததும் அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைத் தாழ்த்தச் சொல்லி, சின்ன ஸ்பூனில் ஒவ்வொரு வாயாக அம்மா கொடுக்கிறார்.